ஆராதனை மேடையில் நம் முகமும் ஒரு விக்கிரகமா?

பெரோயன்:
ஆராதனை நேரலைகளின் முகப்புப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாடல் நடத்துகிறவர் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, கை பாதி உயர்ந்த நிலையில் இருப்பார். அந்த நொடியைத் தேடிப் பிடித்து, முகத்துக்கு வெளிச்சம் கூட்டிப் போடுகிறார்கள். சிலையைக் கும்பிடவில்லை என்பதாலேயே கட்டளையைக் கைக்கொண்டுவிட்டோம் என்று இருக்கிறோம். எசேக்கியேல் 14-ல் மூப்பர்கள் தீர்க்கதரிசிக்கு முன்னால் வந்து உட்காருகிறார்கள். இவர்கள் விக்கிரகங்களை இருதயத்தில் நாட்டியிருக்கிறார்கள் என்கிறார் கர்த்தர். இன்றைக்கு அங்கே நாட்டியிருப்பது நம்முடைய முகத்தைத்தான்.

ஒலிவக்கிளை:
பிரதர், நல்ல சட்டை போட்டால் விக்கிரகம், போட்டோ போட்டால் விக்கிரகம் என்று போனால் கடைசியில் எதுவுமே விக்கிரகமில்லை என்றாகிவிடும். ஆசாரியனான ஆரோனுக்கு மகிமையும் அலங்காரமுமான உடை தைக்கச் சொன்னது கர்த்தர்தான், யாத்திராகமம் 28. அப்புறம், இந்த மாதிரிப் பிரசங்கம் யார் காதில் போய் விழுகிறது என்று பாருங்கள். தன்னைத் தானே ரசிக்கிறவருக்கு உறைக்காது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காமல், நான் எதற்கும் லாயக்கில்லை என்று ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற பெண்தான் எனக்குத்தான் சொல்கிறார் என்று இன்னும் சுருண்டுகொள்வாள். நீ தேவசாயலாகப் படைக்கப்பட்டவள் என்று அவளுக்கு யார் சொல்வது?

பெரோயன்:
தேவசாயலை யார் மறுத்தது? சவுல் ராஜாவைப் பாருங்கள், 1 சாமுவேல் 15. அமலேக்கியரை ஜெயித்ததும் கர்மேலுக்குப் போய்த் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்ன கர்த்தரின் வார்த்தையை மீறியது தெரிந்து மாட்டிக்கொண்டபின், ஜனங்களுக்குப் பயந்துவிட்டேன் என்கிறான். பாவம் செய்தேன் என்று சொன்ன அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும், கூட வாரும், நான் கர்த்தரைத் தொழுதுகொள்ள வேண்டும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்கிறான். ராஜ்யமே கைவிட்டுப் போகிறது, மனுஷனுக்கு மூப்பர்கள் முன்னால் மானம் போகிற கவலை!

ஒலிவக்கிளை:
அடுத்த வசனத்தை ஏன் விட்டீர்கள்? சாமுவேல் கூடப் போனார், சவுலும் தொழுதுகொண்டான். உன் மனசு சரியில்லை, நீ தொழாதே என்று அவர் தடுக்கவில்லை. தாவீது கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் குதித்து ஆடியபோது அவன் மனைவி மீகாள் ஜன்னல் வழியாகப் பார்த்து அவனை அவமதித்தாள். முகப்புப் படத்தைப் பார்த்து இருதயத்தை எடைபோடுகிற நீங்களும் நிற்பது அதே ஜன்னலில்தான்.

கடைசிபெஞ்ச்:
நான் கத்தோலிக்கன், நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சுரூபத்துக்கு, அதாவது கோவிலில் வைக்கும் திருவுருவத்துக்குத் தரும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று 787-ல் நிசேயாவில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் சொன்னது. அதை எடுத்துச் சொன்னால் சாக்கு என்பீர்கள். உங்கள் போஸ்டரில் இயேசுவின் பெயர் ஒரு மூலையிலும் போதகரின் முகம் முக்கால் பங்கிலும் இருந்தால் அது மட்டும் ஊழியம், அப்படித்தானே? மோசேயிடம் கடவுளே செய்யச் சொன்னது அந்த வெண்கலப் பாம்பு. மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கிவிட்டதால் பிற்பாடு எசேக்கியா அரசர் உடைத்துப்போட்டார். எதுவும் அப்படி ஆகலாம், எங்கள் சுரூபமும்தான், உங்கள் மேடையும்தான்.

பெரோயன்:
போஸ்டர் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, அது வெட்கக்கேடுதான். சிஸ்டர், மீகாளுக்குத் தாவீது சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள்: இன்னும் அற்பமாவேன் என்கிறான். நம்மை அற்பமாகக் காட்டும் வீடியோவை நாம் வெட்டாமல் போடுகிறோமா? சுருதி தப்பிய இடம், மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுத இடம் எல்லாம் போய், திருத்திய முகம்தான் மிஞ்சும். ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்த ஆரோனும் நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் கூறினான். கர்த்தர் பெயரைச் சொன்னதால் அது ஆராதனை ஆகிவிட்டதா?

ஒலிவக்கிளை:
வெட்டி ஒட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அந்த நேரலைதான் சபை, கேமராவை அணைக்கச் சொல்லாதீர்கள். பாடல் வரிகளையும் சபையாரையும் காட்டட்டும், பாடுகிறவரை நெருக்கத்தில் காட்ட வேண்டாம், முகப்பில் ஒரு வசனம் போதும். இதை உங்கள் சபையில் கேட்பீர்களா?

பெரோயன்:
சரி, கேட்கிறேன். கேமரா திரும்பினால் இருதயமும் திரும்பிவிடும் என்று ஒப்புக்கொண்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒலிவக்கிளை:
அப்படி நானும் சொல்லவில்லையே. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.