ரோல்ஓவருக்குத் தமிழ்: குடைசாய்தலா, கவிழ்வா, புரளலா?

கிளிநொச்சியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய பதாதை ஒன்றுக்காக எழுதுகிறேன். கனரக வாகனச் சாரதிகளுக்கு நாங்கள் நடத்தும் வகுப்பின் குறிப்புகளுக்கும் இதே சொல் வேண்டும். ஓடும் வண்டி பக்கவாட்டில் விழுவதை ஆங்கிலத்தில் ரோல்ஓவர் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன போடலாம்? அதிலிருந்து இன்னும் இரண்டு சொற்கள் பிறக்க வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன். வண்டி திரும்பும்போது எந்தப் பக்கவாட்டு ஆர்முடுகலில் (அக்ஸிலரேஷன்) விழத் தொடங்குமோ அந்த அளவுக்கு ஒரு பெயர். பின்பெட்டி முதலில் விழுந்து முன்பகுதியையும் இழுத்துக்கொண்டு போவதற்கு ஒரு பெயர்.

செய்திகளில் எல்லாம் ‘தடம்புரண்டது’ என்றே வருகிறது. சாரதி நித்திரையாகி வயலுக்குள் இறங்கி நேராக நின்ற வானும் தடம்புரண்டது, சந்தியில் திரும்பும்போது பக்கவாட்டில் விழுந்த எண்ணெய் பவுசரும் தடம்புரண்டது. இரண்டுக்கும் காரணம் வேறு, தடுக்கும் வழியும் வேறு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் எப்படிப் படிப்பிப்பது?

வவுனியாவிலிருந்து:

தடம்புரளல் ரயிலுக்கு உரியது, அதைத் தண்டவாளத்திலேயே விடுவோம். குடைசாய்தல் என்று எழுதுங்கள் ரீச்சர். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் யாரைக் கேட்டாலும் விளங்கும்.

முள்ளியவளையிலிருந்து:

பிள்ளை, அவசரப்பட வேண்டாம். குடைசாய்தலில் உள்ள குடை எது? மாட்டுவண்டியின் வளைந்த கூண்டைத்தான் குடை என்றார்கள், அது சாய்ந்தால் குடைசாய்தல் என்பார் சிலர். எனக்கு அது போதவில்லை. குட என்ற அடிக்கே வளைவுப் பொருள் உண்டு. குடம், குடை, உடல் வளைத்து வணங்கும் குடந்தம், எல்லாம் ஒரு வேர். அப்படியென்றால் குடைசாய்தல் வளைந்து சாய்தல் ஆகிறது. கூண்டே இல்லாத டிப்பருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும்.

பாரவூர்தி என்று நீட்டுவதைவிட நம்மிடம் வண்டிக்குச் சாகாடு என்ற பழஞ்சொல் இருக்கிறது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறள் மிகைப்பாரத்துக்கு எழுதியது போலவே இருக்கிறது, ஆனால் அங்கே முறிவது அச்சு, வண்டி விழவில்லை. புறநானூறு 185-இல் தொண்டைமான் இளந்திரையன் சொல்லும் வண்டியும் ஓட்டத் தெரியாதவன் கையில் அள்ளலில், அதாவது சேற்றில்தான், அகப்படுகிறது. ஆகவே சங்கப் பாட்டைக் காட்டி இதை முடிக்க முடியாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். என் முன்மொழிவு கவிழ்வு. அடி தெளிவானது, கவிழ்வெல்லை என்று சேர்க்கவும் இலகு.

பரந்தனிலிருந்து:

ஐயா, கவிழ்வு என்றால் எங்கள் ஆட்களுக்கு வள்ளம்தான் ஞாபகம் வரும், கவிழ்ந்தது என்றால் தலைகீழாகப் போனதாக நினைப்பார்கள். லொறி பெரும்பாலும் பக்கவாட்டில் விழுந்து கிடக்கிறது. இன்னொருவர் எனக்குத் தனியே அனுப்பிய ‘உருளல்’ வேண்டவே வேண்டாம், உருளுவது சில்லு, உருளல் உராய்வு என்று பாடத்திலேயே இருக்கிறது.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்ப்போம். சில்லுகளுக்கு இடையிலான அகலத்தின் பாதியைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்தான், புவியீர்ப்பின் பங்காக, ரீச்சர் கேட்கும் அளவு. வண்டியின் வில்லும் (ஸ்பிரிங்) ரயரும் அமுங்குவதால் உண்மையில் அதைவிடக் குறையும். காருக்கு அது 1-ஐத் தாண்டும், உயரமாகப் பாரம் ஏற்றிய லொறிக்கு 0.4-க்கும் கீழே இறங்கிவிடும். அதனால் கார் வழுக்கும், லொறி வழுக்குமுன்பே விழும். கார் ஓடிப் பழகியவர்களுக்கு இதுதான் பிடிபடுவதில்லை.

20 மீற்றர் ஆரையுள்ள திருப்பம் ஒன்றை எடுங்கள். 25 கிலோமீற்றர் வேகத்தில் போனால் பக்கவாட்டு ஆர்முடுகல் புவியீர்ப்பின் கால் பங்கு. 35-இல் போனால் கிட்டத்தட்டப் பாதி. பத்தே பத்துக் கிலோமீற்றர்தான் வித்தியாசம்! யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியே வந்து எங்கள் சந்தியில் இடப்பக்கம் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பும் லொறி வலப்பக்கம் விழப் பார்க்கும். பவுசர் அரைவாசி நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெயும் அதே பக்கம் ஓடும், நிலைமை இன்னும் மோசம். பின்பெட்டியின் சில்லு தூக்குவது முன்னால் இருக்கும் சாரதிக்குத் தெரியவும் மாட்டாது.

இதோடு சேர்த்து ஒரு கேள்வி. சுற்றுவட்டத்தின் நடுத்திட்டைச் சுற்றி, நீண்ட லொறியின் பின்சில்லு ஏறிப் போவதற்காகக் கொஞ்சம் உயர்த்திக் கல் பதித்த பட்டி இருக்கிறதே, அதைத் திண்ணை என்று சொல்லலாமா?

முள்ளியவளையிலிருந்து:

திண்ணை ஆள் இருக்கும் இடம், சில்லு ஏறும் இடமல்ல. ஏறுபட்டி என்று சொல்லுங்கள். அப்புறம், ஆர்முடுகல் என்ற சொல்லையே தமிழ்நாட்டில் முடுக்கம் என்கிறார்கள். அந்த ‘ஆர்’ ஏன் வந்தது என்று தனி மடல் எழுதுகிறேன்.

வவுனியாவிலிருந்து:

ஐயா, வியாழனுக்குப் பிறகு எழுதுங்கள், நான் கட்டாயம் வாசிப்பேன்.

கிளிநொச்சியிலிருந்து:

நேற்று வகுப்பில் சாரதிகளிடமே கேட்டேன். நெல் ஏற்றி ஓடும் ஒருவர் யோசிக்காமலே சொன்னார்: பாரம் ஒரு பக்கம் போனால் ‘சரிஞ்சது’, வண்டி பக்கவாட்டில் படுத்தால் ‘குடைசாஞ்சது’, சில்லு மேலே வந்தால் ‘பிரண்டது’. மற்றவர்கள் யாரும் மறுக்கவில்லை. நாங்கள் தேடிய பிரிவு அவர்கள் வாயில் ஏற்கனவே இருந்திருக்கிறது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பத்து வருடமாகச் செய்தியைப் பார்த்துத் ‘தடம்புரள்வு’ என்று கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன்.

ஆகவே குடைசாய்தல், குடைசாய் எல்லை, பெட்டி குடைசாய்தல் என்று போடுகிறேன். நேராக வீதியை விட்டு இறங்கினால் வீதிவிலகல். பாரம் சரிவது, குடைசாய்தல், பிரளல் மூன்றுக்கும் படம் போடுகிறோம். முதல் பதாதை முறிகண்டியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லா லொறியும் நிற்கும் இடத்தில். ஏறுபட்டிக்கு யார் யார் சம்மதம் என்று இன்னும் எண்ணவில்லை.

பரந்தனிலிருந்து:

எனக்குச் சம்மதம். திண்ணையை மட்டும் நான் விடவில்லை.

வவுனியாவிலிருந்து:

சம்மதம்.

முள்ளியவளையிலிருந்து:

அந்தச் சாரதி சொன்னதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் பிள்ளை, பிரளல் அல்ல, புரளல். அச்சுக்குப் போகுமுன் அதையாவது திருத்திவிடுங்கள். கவிழ்வெல்லையைக் குறிப்பேட்டில் அடைப்புக்குள் போட முடியுமா என்றும் பாருங்கள்.