திருவனந்தபுரத்துக்கு ராத்திரி வாழ்க்கை வேணுமா, இருக்கறதே போதுமா?

கழக்கூட்டம்வாசி:
பூர்வீகம் நாகர்கோவில், பிழைப்பு டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்துல. ஷிப்ட் முடிய ராத்திரி பதினொண்ணு ஆகும். அதுக்கு மேல ஊர்ல என்ன இருக்கு? எம்.ஜி. ரோட்டுல இழுத்து மூடின ஷட்டர், தம்பானூர்ல பஸ். மதுரையில நடுராத்திரி இறங்கினாலும் சூடா இட்லி உண்டு. இது மாநிலத்துக்கே தலைநகரம், ஆனா பத்து மணிக்குப் போர்வை. 2023 அக்டோபர் கடைசியில வெள்ளையம்பலம் பக்கத்து மானவீயம் வீதியை ராத்திரி வாழ்க்கைக்குன்னு திறந்தாங்க. இருநூறு மீட்டர்கூட வராத தெரு, ரெண்டு பக்கமும் மரம், சுவர் முழுக்க ஓவியம், மலையாளக் கவிஞர் வயலார் சிலை ஓரமா பாட்டு. நவம்பர்லயே அடிதடி, உடனே போலீஸ் கட்டுப்பாடு. நாலு பேர் அடிச்சுக்கிட்டா ஊருக்கே தண்டனையா? இந்த மாதிரி இன்னும் பத்துத் தெரு திறக்கணும். எதிர்க்கறவங்க வரலாம்.

வெள்ளையம்பலத்துக்காரி:
வந்துட்டேன். அந்தப் பக்கத்துலதான் எங்க வீடு. மாமியார் படுத்த படுக்கை. உங்களுக்குப் பாட்டு, எங்களுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்றது. கேட்டை மறிச்சு பைக் நிறுத்திட்டு, கேட்டா "பொது இடம்தானே ஆன்ட்டி"ங்கறாங்க. ராத்திரி பத்துலேர்ந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. போலீஸ் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல. பத்துத் தெரு வேணும்னா முதல் தெரு உங்க ஃபிளாட் வாசல்ல திறக்கட்டும்.

சாலைக்கடை:
ரெண்டு பேரும் கொஞ்சம் தெற்கே வந்து பாருங்க. ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானா இருந்த காலத்துச் சந்தை எங்க சாலை பஜார். எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து வந்து போட்ட கடை இன்னும் ஓடுது. ஊர் தூங்கின பிறகுதான் தமிழ்நாட்டு லாரி வரும். காய், வாழைக்குலை, தோவாளைப் பூ எல்லாம் வெளுக்கறதுக்குள்ள இறங்கணும். ஓணத்துக்கு முன்னால அத்தப்பூக் கோலத்துக்குப் பூ வியாபாரம் இருக்கே, அந்தப் பத்து நாளும் நாங்க கண் மூடறதே இல்லை. லோடு இறக்கறவங்களுக்கு ரோட்டோரத் தட்டுக்கடையில தோசை, ஓம்லெட், ரசவடை, பால் விடாத கட்டன் சாயா எல்லாம் உண்டு. தம்பிக்கு இட்லி மட்டும்தான் இறங்கும்னா நான் என்ன செய்ய?

கழக்கூட்டம்வாசி:
அண்ணாச்சி, மூட்டை தூக்கறது வாழ்க்கை, சரி. ஆனா அது வேலை. வேலை முடிஞ்சவன் உட்கார்ந்து நாலு பேரோட சிரிக்க இடம் எங்கேன்னுதானே கேக்கேன்?

களியக்காவிளை:
மக்கா, நீ சுத்தி வளைக்காத. பாட்டுக்கா சண்டை? பார் பதினொண்ணுக்கு அடைச்சிருவான், அதானே விசனம். கேரளாவுல ஒண்ணாம் தேதி மதுக்கடைக்கு லீவுல்லா, அண்ணைக்கு எங்க தமிழ்நாட்டு எல்லையில வந்து பாரு. கே.எல். வண்டியா நிக்கும். ராத்திரி வாழ்க்கை பூரா எங்க ரோட்டு ஓரத்துலதான் ஓடுது, நாங்க பைசா வாங்கல.

கழக்கூட்டம்வாசி:
நான் குடிக்கறதில்லை. இந்தப் பேச்சை எடுத்தாலே குடிகாரன் முத்திரை குத்தறது நம்ம ஆளுகளுக்கு ஒரு வியாதி.

கோட்டைவாசி:
குடியை விடுங்க. இந்த ஊர் ராத்திரியில வேற எங்கயும் காண முடியாதது இருக்கு. பங்குனியிலயும் ஐப்பசியிலயும் பத்மநாபசுவாமி ஆராட்டுக்கு, அதாவது கடல்ல நீராட, சங்குமுகம் கடற்கரைக்குப் போறப்போ, விமான ஓடுபாதையைக் கடந்துதான் ஊர்வலம் போகும். அந்த சில மணி நேரம் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. விமானநிலையம் வந்தது 1932ல, ஆராட்டு அதுக்கு ரொம்ப முந்தினது. அதனால விமானம்தான் ஒதுங்கணும். திரும்பி வர்றது இருட்டினதுக்கு அப்புறம், தீவட்டி வெளிச்சத்துல.

அதுக்கு முந்தின ராத்திரி பள்ளிவேட்டை, சாமி வேட்டைக்குப் போற சடங்கு. அவ்வளவு ஜனம் நடந்து போகும், மேளம் கிடையாது, கூச்சல் கிடையாது. வெள்ளையம்பலத்து அம்மாவுக்குப் பிடிச்ச ஊர்வலம் இதுவாத்தான் இருக்கும். நவராத்திரி மண்டபக் கச்சேரியும் அப்படித்தான். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிஞ்சுரும், கைதட்டக் கூடாது. கோயிலுக்கு எதிரே மேத்தன் மணின்னு ஒரு கடிகாரம், மணிக்கு மணி தாடிக்காரர் வாயைத் திறப்பார், ரெண்டு ஆடு வந்து கன்னத்துல முட்டும். டெக்னோபார்க் பிள்ளைங்க இதை ஒரு தடவையாவது நின்னு பார்த்திருப்பாங்களா?

கழக்கூட்டம்வாசி:
பார்த்திருக்கேன் ஐயா, அழகு. அது எட்டரைக்கு முடியுது, நான் வெளிய வர்றது பதினொண்ணுக்கு. ஆராட்டு வருஷத்துக்கு ரெண்டு. மிச்ச நாளைக்கு?

நைட்டூட்டி:
நான் நர்ஸ், ஊர் மார்த்தாண்டம். இதுவரை பேசினதுல ராத்திரின்னா ஆம்பளை ராத்திரிதான். லாரி, பார், பைக், தட்டுக்கடை. தட்டுக்கடையில நின்னு தனியா ஒரு தோசை தின்னு பாருங்க, அடுத்த பெஞ்சு மொத்தமும் நம்ம தட்டைத்தான் பார்க்கும். 2018ல கேரளா கடைச் சட்டத்தைத் திருத்தினப்போதான் கடையில நிக்கற பொண்ணுங்களுக்கு உட்கார உரிமையே எழுத்துல வந்துது. தமிழ்நாட்டுல அது 2021. உட்காரவே சட்டம் வேண்டியிருந்த இடத்துல ராத்திரி உலாத்தறதைப் பத்தி என்ன சொல்ல? 2019 டிசம்பர் 29ஆம் தேதி அரசாங்கமே பொண்ணுங்களை ராத்திரி பதினோரு மணிக்கு மேல நடக்கக் கூப்பிட்டது. நல்ல காரியம்தான். ஆனா கூப்பிட்டு நடக்கவேண்டிய நிலைமை.

இதே ஊர்ல ஆற்றுக்கால் பொங்கலுக்கு முந்தின ராத்திரியை நினைச்சுப் பாருங்க. கண்ணகி கதை சொல்ற கோயில், நம்ம பக்கத்துலேர்ந்தும் பஸ் பஸ்ஸா போறோம். மூணு செங்கல்லை வச்சு இடம் பிடிச்சு, நடுரோட்டுல பாயை விரிச்சுப் படுத்துக் கிடப்போம். 1997லயே பதினஞ்சு லட்சம் பொண்ணுங்கன்னு கின்னஸ்ல ஏறினது. 2009ல இருபத்தஞ்சு லட்சம். யாருக்கும் பயம் வராது. சாமியை நான் குறைச்சுச் சொல்லல, ஆனா அந்த ராத்திரி விளக்கு எரியுது, தண்ணி வருது, போலீஸ் நிக்குது, பஸ் ஓடுது. மத்த ராத்திரி இதுல ஒண்ணாவது இருந்தா நாங்களும் வெளிய வருவோம்.

வெள்ளையம்பலத்துக்காரி:
நர்ஸம்மா, பொங்கலன்னிக்கு என் வீட்டு கேட்டைத் திறந்துவிட்டு குளியலறையையும் கொடுக்கறவ நான். வருஷத்துக்கு ஒரு ராத்திரின்னா சந்தோஷமா செய்வேன். தினம் செய்யமுடியுமா?

நைட்டூட்டி:
தினம் உங்க வீட்டுல வேண்டாம். சங்குமுகம் கடற்கரை, கனகக்குன்னு அரண்மனை வளாகம் மாதிரி திறந்த இடத்துல செய்யட்டுமே.

சாலைக்கடை:
சங்குமுகம்னதும் எல்லாருக்கும் காத்து வாங்கற இடம்தான் ஞாபகம் வருது. அங்க மீன்பிடிக்கறவங்க குடியிருக்காங்க, வெளுக்கறதுக்கு முன்னால கடல்ல இறங்கணும். கடல் ஏறி ரோட்டையே தின்ன இடம் அது. வெள்ளையம்பலத்துல தூக்கம் கெடக்கூடாது, கடற்கரையில கெடலாமா?

நைட்டூட்டி:
அது நியாயம். அப்போ கனகக்குன்னு. மேடை இருக்கு, புல்வெளி இருக்கு, ஓண வாரத்துல விளக்கு போட்டு ஊரே அங்கதான் நிக்குது. பெரிய மதில், உள்ள பாடினா வெளிய அவ்வளவா கேக்காது.

கழக்கூட்டம்வாசி:
மதிலுக்குள்ள வச்சா அது நிகழ்ச்சி, நேரம் முடிஞ்சதும் வாட்ச்மேன் விசில் ஊதுவான். தெருன்னா டிக்கெட் இல்லாம யாரும் வரலாம். காசில்லாதவனும் வரலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

களியக்காவிளை:
இது கொள்ளாம். ஆனா வந்தவன் ஒண்ணுக்கு எங்க போவான்? மதில் ஓரத்துலதானே?

நைட்டூட்டி:
கேட்டாரே ஒரு கேள்வி! பாட்டு, சுவர் ஓவியம்னு எல்லாம் பேசியாச்சு, ராத்திரி திறந்திருக்கற சுத்தமான கழிப்பறையைப் பத்தி ஒருத்தரும் பேசல. அதை முதல்ல கட்டுங்க, அப்புறம் எந்தத் தெருன்னு சண்டை போடலாம்.

வெள்ளையம்பலத்துக்காரி:
கழிப்பறைக்கு மனு எழுதினா முதல் கையெழுத்து என்னுது. மைக்குக்கு இல்லை.

கழக்கூட்டம்வாசி:
மைக் வேண்டாம். கஞ்சிராவோட வர்றோம்.

வெள்ளையம்பலத்துக்காரி:
கஞ்சிராவும் பத்து மணி வரைதான்.