உப்புக்காற்று வீசும் இடத்தில் தேனீக்களுக்கான பொதுத் தோட்டம்

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பின் பின்புறம் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில், தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடி வரும் பொதுத் தோட்டம் ஒன்றை நாட்டுச் செடிகளைக் கொண்டே அமைக்க விரும்புகிறோம். கடற்காற்றைத் தாங்கக்கூடியவை எவை?

பதில் 1: ஐயா, கடலை நோக்கிய ஓரத்தில் பூவரசும் புன்னையும் நடுங்கள். அவற்றின் மறைவில் நொச்சி, தும்பை, ஆவாரை ஆகியவற்றை வைக்கலாம். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியே தூள் உதிர்வதற்காக, கருவண்டு என்று நாம் அழைக்கும் தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலையே அதிரச் செய்யும். அந்த ரீங்காரம் அருகில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும்.

பதில் 2: பூவோடு நிறுத்திவிடாதீர்கள், புழுவுக்கு இலையும் வேண்டும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி எருக்கிலையில் முட்டையிடும். இலை ஓட்டையாகிறதே என்று யாரேனும் மருந்தடித்துவிட்டால் எல்லாம் வீண். எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு என்பதால், குழந்தைகள் விளையாடும் பக்கம் அதை வைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: நன்றி. நடைபாதைக்கு சிமெண்ட் கல் பதிக்கலாமா? உண்ணிச்செடி ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

பதில் 1: நீலவரித் தேனீக்கள் மண்ணில் வளை தோண்டி வாழ்பவை என்பதால், பாதை தவிர மற்ற தரையை மூடாதீர்கள். உண்ணிச்செடிக்கு வண்ணத்துப்பூச்சிகள் வரும் என்பது உண்மையே. எனினும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து மற்றவற்றை நெருக்கி அழிக்கும் செடி, வேரோடு எடுத்துவிடுங்கள்.