மொறிஸ் மைனர் கூரை நெளிவு: தட்டுவதா, பட்டி போடுவதா?

உப்புவெளிக்காரன்: அப்பாவின் 1958 மொறிஸ் மைனர் கார் கூரையில் தேங்காய் விழுந்து நல்ல பள்ளம், பெயின்ற் வெடிக்கவில்லை, ஆனால் அழுத்தினால் டொக் என்று உள்ளே போய் வருகிறது. கராஜில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்டு மூடலாம் என்கிறார்கள். சரியா?

பழைய டிங்கர்: வேண்டாம் தம்பி. டொக் என்றால் பெரும்பாலும் தகடு நீண்டுவிட்டது, ஆடும் தகட்டில் பட்டி வெடிக்கும். உள்கூரைத் துணியைக் கழற்றி, கீழே டொலி (தட்டும்போது தாங்கும் இரும்புக் கட்டை) பிடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தட்ட வேண்டும், ஓங்கி அடித்தால் இன்னும் நீளும். மிச்சத்தைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்கி ஆறவிட்டால் சுருங்கும்.

திருமலைக்காரி: பெயின்ற் போன வெறும் தகட்டை இரவு முழுக்க விடாதீர்கள், நம்ம கடற்காற்றுக்குத் துரு வந்துவிடும். உடனே எபொக்சி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள்.

உப்புவெளிக்காரன்: சரி அண்ணை, துணி பழசு, கிழியாதா?

பழைய டிங்கர்: கிழியும். புதுசுக்கும் காசு ஒதுக்குங்கள்.