மறு: நிரல்மொழியின் பெயரைப் பயன்படுத்தும் அனுமதிக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

பாடநூலின் ஜாவா இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்வதால், சிக்கலை மீண்டும் வரையறுக்கிறேன். ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2006 நவம்பரில் அதன் மூலநிரலை ஜிபிஎல் எனும் திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் திறப்பதாக அறிவித்தது. 'ஜாவா' என்ற வணிகக்குறியைத் திறக்கவில்லை. ஆகவே அந்நிரலை எவரும் திருத்தி வெளியிடலாம். ஆனால் அது ஜாவாவோடு ஒத்தியங்குவது என்று சொல்லிக்கொள்ள, டிசிகே எனும் சோதனைத் தொகுப்பில் தேறியாக வேண்டும். இரு அனுமதிகளையும் வெறுமனே 'உரிமம்' என்றால் மாணவர் குழம்புவர்.

குழுவில் ஒருவர் முன்மொழிந்த 'பெயர்ப்பொறி' அழகான சொல்தான். சிலம்பின் புகாரில் வணிகர் தம் பெயர் பொறித்த பொதிகள் கிடக்கின்றன. பட்டினப்பாலையில் சுங்கப் பொதிகளில் புலி பொறிக்கிறார்கள். பெயர் உடையவனைக் காட்டுவது, புலி அரசன் சோதித்து விட்டதைக் காட்டுவது. (டிசிகே செய்வது புலியின் வேலை என்று வாதிட இடமுண்டு.) ஆயினும் நமக்கு வேண்டியது குறிக்கான சொல் அன்று, அதைப் பிறர் பயன்படுத்தத் தரும் இசைவுக்கான சொல்.

எனவே 'பெயருரிமம்' என்கிறேன். சன்னைப் பின்னர் வாங்கிய ஆரக்கிள், 2017இல் பெருநிறுவனச் செயலிகளுக்கான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளை எனும் திறமூல அமைப்பிடம் ஒப்படைக்க முன்வந்தபோது நிரல் கைமாறியது, பெயர் கைமாறவில்லை. அதனால் அது 2018இல் ஜகார்தா இஇ ஆயிற்று. ஒன்பதாம் பதிப்பில் 'ஜாவாக்ஸ்.சர்வ்லெட்' என்ற தொகுப்புப் பெயர்கூட 'ஜகார்தா.சர்வ்லெட்' என மாறி, அதைப் பயன்படுத்திய நிரல்களில் அத்தொகுப்பை அழைக்கும் 'இம்போர்ட்' கூற்றுகளையெல்லாம் திருத்த நேர்ந்தது. 'பெயருரிமம் கிடைக்கவில்லை' என்று எழுதினால் இவ்வளவும் அடங்கிவிடும்.

—

ஐயா,

எனக்கு உடன்பாடில்லை. பெயர் மட்டுமா வணிகக்குறி? சன் 1997இல் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில், நீதிமன்றம் 1998 மார்ச்சில் தடுத்தது ஆவி பறக்கும் கோப்பையுடன், 'ஜாவாவோடு ஒத்தியங்குவது' எனக் காட்டும் சின்னத்தின் பயன்பாட்டை. அந்த இடத்தில் 'பெயருரிமம்' என்று எப்படி எழுதுவீர்கள்? 'வணிகக்குறி உரிமம்' நீளமே. ஆனால் சட்டத் தமிழில் 'வணிகக்குறி' வேரூன்றிய சொல், படித்தவுடன் புரியும்.

பெரும்பான்மை உங்கள் பக்கம் சாய்ந்திருப்பதை அறிவேன். அச்சேற்றுங்கள், என் மறுப்பை அடிக்குறிப்பாகவேனும் சேருங்கள். ஒன்று மட்டும்: உடைமையைக் குறிக்கும் 'பெயருரிமை'யும் அதே இயலில் வருவதால், மெய்ப்புத் திருத்துபவர் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.