புதுப்பிப்பு: டு பிளெசிஸ் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது? (விடை கிடைத்தது)

போன மாதம் கேட்டிருந்தேன்: நம்ம சிஎஸ்கேவில் முன்பு ஆடிய ஃபாஃப் டு பிளெசிஸ் தென்னாப்பிரிக்கர், பெயர் மட்டும் எப்படி பிரெஞ்சு? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நெப்போலியன் படையோடு வந்த பெயர் என்ற யூகம் சரிவரவில்லை. காலமே பொருந்தாது. “1688 கப்பல்களைப் பாருங்கள்” என்று ஒரு தம்பி சொன்னதுதான் கைகொடுத்தது. 1685இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடை செய்ய, ஹியூகனாட்டுகள் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்கள்) ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் புவாத்தியே நகரத்து அறுவை மருத்துவர் ழான் பிரியர் டு பிளெசிஸ். ஓஸ்டர்லாண்ட் கப்பலில் 1688இல், அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்த தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். இவர்களை டச்சுக்காரர்களுக்கு நடுவே குடியமர்த்தியதால் பிரெஞ்சு மொழி இரண்டு மூன்று தலைமுறையில் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. இன்று அங்கே சர்வசாதாரணமான பெயர்.

‘பிளெசி’ என்றால் உயிருள்ள கிளைகளை வளைத்துப் பின்னிய வேலி. அப்புறம் அந்த வேலிக்குள் இருக்கும் இடத்துக்கே பெயராயிற்று. நம்மூர் கிளுவை வேலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் பிளெசி என்ற ஊர்கள் நிறைய. அதனால் பெயர் ஒன்று என்பதற்காக எல்லோரும் ஒரே குடும்பம் ஆகிவிட மாட்டார்கள். கனடாவின் கியூபெக்கில் இதையே சேர்த்து டுப்ளெசி என்று எழுதுகிறார்கள். அங்கே முன்பு ஒரு முதல்வருக்கே அந்தப் பெயர்.

எதிர்பாராதது: பிரெஞ்சு மன்னரின் தலைமை அமைச்சராக இருந்த கார்டினல் ரிஷலியூவும் டு பிளெசிதான்! 1627-28இல் பிரான்சின் லா ரோஷெல் நகரில் ஹியூகனாட்டுகளை முற்றுகையிட்டவர் அவரேதான்.

இன்னொன்று, கடைசி ‘ஸ்’ உச்சரிப்பில் கிடையாது. இத்தனை வருஷம் சேப்பாக்கத்தில் தப்பாகத்தான் கத்தியிருக்கிறேன்.