5 லட்சம் காப்பீடு: மேடையில் சொன்னதும் கவுன்ட்டரில் நடப்பதும்

மருதமுத்து_திருச்சி:
2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு தொடங்கியபோது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இலவச சிகிச்சை என்றார்கள். நம்மூரில் 2009-லேயே கலைஞர் காப்பீடு, 2012-லிருந்து முதலமைச்சர் காப்பீடு. இத்தனை இருந்தும் கார்டை நீட்டினால் “இதுக்குச் செல்லாதுங்க” என்ற பதில்தான் பல இடங்களில். வாக்குறுதி எந்த இடத்தில் கசிகிறது? கட்சிச் சண்டை வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிளைம்_கந்தசாமி:
5 லட்சம் என்பது உச்சவரம்பு. அதுவும் தலைக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கு. உங்கள் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பேக்கேஜ் பட்டியல். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடு, ஒரு நிலையான தொகை. படுக்கை, டாக்டர் கட்டணம், மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2018-ல் மத்திய அரசு சிசேரியனுக்கு வைத்த விலை 9,000 ரூபாய். தனியார் மருத்துவமனை அந்த விலைக்குச் செய்யத் தயங்கும், அல்லது சேர்த்துக்கொண்டு வெளியே காசு கேட்கும். மேடையில் சொன்னது வரம்பை; விலைப் பட்டியலை எந்தக் கட்சியும் மேடையில் வாசித்ததில்லை.

“செல்லாது” என்பதற்குப் பெரும்பாலும் நாலு காரணம். மருத்துவமனை பட்டியலில் இருக்கும், ஆனால் அந்தத் துறைக்கு அங்கீகாரம் இருக்காது (கண்ணுக்கு உண்டு, இதயத்துக்கு இல்லை என்பது போல). அந்த சிகிச்சைக்குப் பேக்கேஜே இருக்காது, அல்லது அரசு மருத்துவமனைக்கு மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாது. நாலாவது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: பழைய நோயாளிகளுக்கான கிளைம் பணம் அரசிடமிருந்து வராததால் ஆஸ்பத்திரியே தட்டிக்கழிக்கும். மாநிலத்துக்குள் என்றால் 15 நாளில் பணம் போய்ச்சேர வேண்டும் என்பது ஆயுஷ்மான் விதி. ஆனால் ஹரியானாவில் 2025 ஆகஸ்டில் நிலுவைக்காகத் தனியார் மருத்துவமனைகள் இந்தத் திட்டத்தில் சிகிச்சையையே நிறுத்தின.

நிதிநிலை_நோக்கன்:
கந்தசாமி சார் சொன்னது உள்நோயாளிகள் கதை. பெரிய ஓட்டை ஓ.பி.யில், அதாவது படுக்கையில் சேராமல் பார்க்கும் சிகிச்சையில் இருக்கிறது. சர்க்கரை, பி.பி. மாத்திரை, மாதா மாதம் லேப் டெஸ்ட் என்று சிறுகச் சிறுகப் போகும் காசுக்கு இந்தக் கார்டு உதவாது. ஆயுஷ்மானில் அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவு மட்டும் பேக்கேஜில் சேரும். தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரி மாத்திரையும், 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவமும் ஓரளவு தாங்குகின்றன. ஆனால் அவை காப்பீடு அல்ல.

சாதனையாகக் காட்டும் கணக்கையும் பாருங்கள். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசின் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம் என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. இறங்கியது நல்லதே. ஆனால் 2021-22 கொரோனா ஆண்டு, அரசுச் செலவு வீங்கிய நேரம். அதோடு குடும்பச் செலவு மதிப்பீடு 2017-18 கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. அப்படியே மார்தட்ட முடியாது. 2017 சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுச் செலவை ஜி.டி.பி.யில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. 2021-22-ல், அத்தனை கொரோனா செலவோடும், எட்டியது 1.84.

பயனாளிப் பட்டியல் இன்னொரு கூத்து. ஏறக்குறைய ஏழரை லட்சம் பேரின் பெயர் ஒரே செல்போன் எண்ணில் (பத்து இலக்கமும் ஒன்பது!) இருந்ததை மத்திய தணிக்கைத் துறையின் (சி.ஏ.ஜி.) 2023 அறிக்கை எடுத்துப்போட்டது.

வைகை_வாசகி:
சொன்னபடி வந்ததையும் சொல்ல வேண்டுமே. 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று 2024 தேர்தல் அறிக்கையில் பா.ஜ.க. சொன்னது, அதே ஆண்டு அக்டோபர் 29-ல் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே ஆயுஷ்மான் இருந்தால் பெரியவர்களுக்கு அது தனி 5 லட்சம், மற்றவர்களோடு பங்கு போட வேண்டாம். தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ.யோ இருந்தாலும் சேரலாம். சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் மருத்துவத் திட்டம்) போன்ற அரசுத் திட்டங்களில் உள்ளவர்கள்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேக்கேஜ் சிக்கலும் ஓ.பி. ஓட்டையும் இதிலும் அப்படியே.

மருதமுத்து_திருச்சி:
நன்றி. சேர்த்த பிறகு தனியாகக் காசு கேட்டால் என்ன செய்வது?

கிளைம்_கந்தசாமி:
அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் ப்ரீ-ஆத், அதாவது காப்பீட்டுத் தரப்பின் முன் அனுமதி, வருமுன் அட்வான்ஸ் கட்டாதீர்கள். இது கட்டணமில்லா சிகிச்சைத் திட்டம். கட்டிய பிறகு திருப்பி வாங்குவது பெரும்பாடு. காப்பீட்டு கவுன்ட்டரில் எந்தப் பேக்கேஜ், எவ்வளவு அனுமதி என்று கேட்டு எழுதி வையுங்கள். தனியாகக் கேட்டால் முத்திரையோடு ரசீது கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதையும் போட்டோ எடுங்கள், ஆதாரம் இல்லாத புகார் நிற்காது. நோயாளி படுக்கையில் இருக்கும்போதே முதலமைச்சர் காப்பீட்டின் 1800 425 3993-க்கு அழைத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்தில் ஆயுஷ்மானில் சேர்ந்திருந்தால் 14555. டிஸ்சார்ஜ் ஆகும்போது நீட்டும் படிவத்தில் தொகை எழுதாமல் காலியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம்.